புசானுக்கு மலிவு டிக்கெட்

லண்டனின் தென்மேற்கில், நியூ மால்டனில், ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறேன். லூயிஷாமிலிருந்து ரயில் மாறி ரயில் ஏற்றி என்னை இழுத்து வந்தவர் அக்காவின் கணவர், சிவநேசன் அத்தான். தென்கொரியாவின் புசான் நகரத்தை இரண்டு நாளில் மலிவாகச் சுற்ற வேண்டுமாம். அந்த ஊர்க்காரியிடமே கேட்டால் வழிகாட்டிப் புத்தகக் காசு மிச்சமாம்.

கடைக்காரி புசானில் பிறந்தவள். பொறுமையாக ஒரு தாளில் எழுதித் தருகிறாள்: துறைமுக மீன் சந்தை, பன்றி எலும்புச் சூப், தெருவோர மீன் வடை, கடலோரத்தில் ஒரு புத்த கோயில்.

அத்தான் தாளைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார்.

“நாங்கள் போய் இறங்கிறது புரட்டாதி வெள்ளி. மற்ற நாள் புரட்டாதிச் சனி. ரெண்டு நாளும் விரதம், மீன் இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தொட ஏலாது. ஞாயிறு விடியத் திரும்பிறம்.”

“அப்ப ஏன் அத்தான் அந்த நாளுக்கு டிக்கெட் எடுத்தனீங்கள்?”

“அண்டைக்குத்தான் மலிவு.”

நான் கடைக்காரிக்கு ஆங்கிலத்தில் விளக்குகிறேன். அவள் மூன்று வரிகளை வெட்டுகிறாள். கோயில் மட்டும் மிஞ்சுகிறது.

“கோயில் பார்க்கவா அவ்வளவு தூரம்?” என்று கேட்கிறாள்.

அத்தானின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கோயில் இருப்பதை நான் சொல்லவில்லை.

இன்று புதன்கிழமை, விரதமில்லை. அத்தான் இரண்டாவது தட்டு மீன் வடைக்குக் கை காட்டுகிறார். புசானை இங்கேயே தின்று முடித்துவிடுவார். பிறகு பாணும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு கொரியாவுக்குப் பறப்பார்.