இரண்டாவது நாற்காலி

நேற்று பதுளைக் கடைத்தெருவில் ஓர் ஆசாரி தகரக் குவளையில் வச்சிரப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த வாடை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, மாட்டுக் கொம்பைச் சுட்ட மாதிரி இருக்கும். போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் மட்டும் உப்பு வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்றேன். செல்லம்மாக்கா அந்தப் பசையில்தான் வர்ணம் குழைப்பார்.

எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டாம் வகுப்புக்கு மேல் ஒத்துப்போகவில்லை. பிறகு வெலிமடையில் வண்டி மாடு பார்த்தேன், பண்டாரவளையில் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. இருபத்திரண்டு வயதில் பதுளைக்கு வந்து ஒரு படக்காரரிடம் சுமை தூக்கச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாக ஏறி, ஊருக்கு அனுப்புவதற்கென்று லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஆட்களைப் படம் பிடிப்பார். எல்லா ஆண்களுக்கும் ஒரே கோட்டு. ஒல்லியானவனுக்கு முதுகுப் பக்கம் ஊசி குத்திச் சுருக்குவோம், குண்டனுக்கு முதுகைக் கிழித்தே விட்டிருந்தோம். படத்தில் முதுகு தெரியாதல்லவா.

படக்காரரின் மனைவிதான் செல்லம்மாக்கா. பின்னால் கட்டும் திரையை எழுதுவதும், படத்துக்கு வர்ணம் பூசுவதும் அவர் வேலை. தோட்டங்களுக்கும் எங்களோடு வருவார். மற்ற படக்காரர்களின் திரையில் தூணும் மாடியும் அரண்மனைப் படிக்கட்டும் இருக்கும். எங்கள் திரையில் நமுனுகுல மலையும் தேயிலை நிரையும் இருந்தன. ஓரத்தில் புகை கிளம்பும் ஒரு லயம்கூட உண்டு.

"இந்த மலையத்தான் தெனம் ஏறி எறங்குறோமே, படத்துலயுமா?" என்று ஒருவன் சண்டைக்கு வந்தான்.

"அரமனைய நான் கண்டதில்ல தம்பி. காணாதத எப்படி எழுதுறது?" என்றார் அக்கா.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா கேட்கவில்லை. அதனால் எங்களுக்கு ஆட்கள் குறைந்தார்கள். படக்காரர் தலையில் அடித்துக்கொள்வார், அடுத்த ஞாயிறு அதே திரையைச் சுருட்டி என் தோளில் வைப்பார்.

அப்போது புருஷனும் பெண்சாதியும் படம் பிடித்தால் புருஷன் உட்காருவான், அவள் பக்கத்தில் நிற்பாள். ஒரு நாள் அக்கா என்னிடம், "இனிமே ரெண்டு நாற்காலி கொண்டு போகணும்" என்றார். கனமான பலா மரத்து நாற்காலி அது. சுமக்கிறவன் நான்தானே, பெண்கள் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லியும் பார்த்தேன்.

"வெடிஞ்சதுலருந்து கூடையோட நிக்கிறவ. படத்துலயாவது உக்காரட்டும். நீ தூக்கு" என்றார்.

முதலில் பெண்களே வெட்கப்பட்டார்கள். பிறகு கேட்டு உட்கார ஆரம்பித்தார்கள். ஆண்கள், "என்னடி, காலையில பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துக்கும் நாற்காலியோடதான் போவியா?" என்று கேலி செய்வார்கள். பேச்சி என்றொருத்தி, கொழுந்து எடுப்பவள், "ஆமா, நீங்க தூக்கிட்டு வாங்க" என்றாள். லயமே சிரித்தது. அவளுக்கு அப்போது ஐந்து மாதம். "அடுத்த தடவ வாறப்ப நானும் எங்க வீட்டுக்காரரும் உக்காந்து எடுப்போம்க்கா, நாற்காலிய மறந்துறாதீங்க" என்று அக்காவிடம் சொன்னாள்.

அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி சிரிக்கவில்லை. படக்காரரைத் தனியே அழைத்து, "நாற்காலி ரெண்டு ஏறுச்சுன்னா நீ ஏற வேணாம்" என்றார்.

அடுத்த முறை போகும்போது அக்கா காய்ச்சலில் படுத்திருந்தார். படுத்தபடியே நாற்காலியை ஞாபகப்படுத்தினார். ஏற்றம் தொடங்கும் இடத்தில் படக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "அத இங்க வச்சுட்டு வா" என்றார். பாலத்துக்கு அடியில் ஒளித்து வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, தோள் லேசானதில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பேச்சிக்கு நிறைமாதம் நெருங்கியிருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"நாற்காலி எங்கண்ணே?"

"கால் ஒடஞ்சிருச்சும்மா" என்றேன்.

"அதுக்குமா?" என்று சிரித்துவிட்டு, புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் புருஷன் மாரிமுத்து அந்தப் படத்தோடு பதுளைக்கு நடந்தே வந்தான். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். "ஒரு நாற்காலி எழுதிக் குடுங்கக்கா. அவ ஆசப்பட்டா. கால் ஒடஞ்சிருச்சுன்னு இவருதான் சொன்னாரு" என்று என்னைக் காட்டினான்.

நாற்காலி முழுசாக மூலையில் இருந்தது. அதன்மேல்தான் அக்காவின் வர்ணக் கிண்ணங்கள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எழுதலாம் தம்பி. எழுதிட்டா அவள உக்கார வச்சோம்னு ஆயிரும். நாம வைக்கல" என்றார்.

அவன் அழுதான். நிற்கிறவளின் சேலைக்கு மட்டும், அவன் சொன்னபடி, அரக்குச் சிவப்பு பூசிக் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு போனான். அக்கா செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்று அவரைக் கல் நெஞ்சுக்காரி என்றுதான் நினைத்தேன்.

அதற்குப்பின் அவர் தூரிகை தொடவில்லை. படக்காரர் சென்னைப்பட்டணத்திலிருந்து அரண்மனைத் திரை ஒன்று தருவித்தார். அது வந்து சேர்ந்த வாரமே அக்கா ஊருக்குக் கிளம்பினார். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதுவரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். வண்டி புறப்படும் நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, பாலத்தடியில நான்தான் வச்சேன். அண்ணன்தான் சொன்னாரு."

"அண்ணனக் கேட்டா கங்காணியச் சொல்லுவாரு. கங்காணி தொரையச் சொல்லுவாரு" என்றார். "நின்னது அவ."

அக்காவை நான் பார்த்தது அதுதான் கடைசி. நாலு வருஷம் படப்பெட்டி சுமந்தும், அவரை ஒரு படம் பிடிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, படக்காரருக்கும் தோன்றவில்லை.

பிற்பாடு படக்காரர் தொழிலை விட்டு மளிகைக்கடை வைத்தார். அலமாரிக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. படம் பதிந்த பழைய கண்ணாடித் தட்டுகளைச் சோடா போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டும் வேலையை என்னிடம் கொடுத்தார். தட்டில் எல்லாம் தலைகீழ், கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். ஆனாலும் ஆட்களைத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு தண்ணீரில் விழுந்தார்கள். பேச்சியின் தட்டும் வந்தது. மேலிருந்து சுரண்டினேன். முகம் போயிற்று, வயிறு போயிற்று. வீங்கிய கால்கள் மட்டும் சீக்கிரம் பெயரவில்லை. இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றினேன்.