கதவிடுக்கில் ஒரு சிலிப்பர்

ருக்குமணி அக்கா இடது கால் சிலிப்பரை மட்டும்தான் சுவரோரம் விடுகிறார். வலது கால் சிலிப்பர் கதவிடுக்குக்குப் போகிறது. குனிந்து, ரப்பர் நுனியை உள்ளே தள்ளி, ஸ்பிரிங் கதவு அதன்மேல் வந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே வெறுங்காலோடு முதலாளி அறைக்குள் நுழைகிறார்.

டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தச் சலவைக்கூடம். எங்கள் ஹோட்டலின் படுக்கை விரிப்புகளை வாங்கிப் போக நான் தினமும் காலையில் அங்கே போய் நிற்பேன். ஈரச் சிலிப்பரோடு யாரும் அறைக்குள் வரக்கூடாது என்பது முதலாளி தயாளன் போட்ட சட்டம், தரை நாறுமாம். கழற்றியதை எங்கே வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

"கதவச் சாத்து. ஏர்கோன் வீணாப் போவுது" என்று முதலாளி உறுமுவார்.

"குளிரு எனக்கு ஆவாது பாஸ். மூட்டு வலிக்கும்" என்பார் அக்கா. காலையிலிருந்து நீராவியில் வெந்த உடம்புக்குக் கொஞ்சம் குளிர் ஆகாதாம். வெளியே நிற்கிற எங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்க மாட்டோம்.

முதலாளி எதைச் சொன்னாலும் அதை உரக்கத் திருப்பிச் சொல்வது இன்னொரு பழக்கம். "ஞாயித்துக்கெழமையும் எல்லாரும் வரணும்னு சொல்றீங்க, அப்படித்தானே பாஸ்?" புதிதாக வருகிறவர்கள் அக்காவுக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் கொஞ்ச நாள் அவரிடம் கத்தித்தான் பேசினேன். "ஏன் தம்பி கத்துறீங்க? எனக்கு நல்லா கேக்குது லா" என்றார் ஒருநாள், சாவதானமாக.

இதெல்லாம் மீனாட்சிக்குப் பிறகு வந்த பழக்கங்கள். மீனாட்சி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று லீவு கேட்க உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே வந்தபோது அவருக்கு வேலை இல்லை. முதலாளி சொல்லச் சொல்ல, ராஜினாமாக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். "பெரிய மனுசன் கேக்குறாரு. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிக்கா சொல்றது?" என்று அழுதார். பள்ளியில் பழகிய பழக்கத்தில், எல்லா மலாய்க் கடிதத்துக்கும் போடுவதுபோல் கடைசியில் 'தெரிமா காசே' என்று நன்றியும் எழுதியிருந்தார். பிறகு மீனாட்சி புகார் கொடுத்தபோது லேபர் ஆபீசில் முதலாளி அந்த வரியைத்தான் தொட்டுக் காட்டினாராம். மிரட்டி வாங்கியிருந்தால் யாராவது நன்றி சொல்வார்களா என்று கேட்டாராம். அறைக்குள் நடந்ததைக் காதால் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து அக்கா சாப்பாட்டு நேரத்தில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி மற்றப் பெண்களிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பார்.

"நம்மள அனுப்பணும்னா அவரே எழுதிக் குடுக்கட்டும். அப்பத்தான் லேபர் ஆபீசுல போயி ஏன்னு கேக்கலாம். நாமளா எழுதிக் குடுத்துட்டா யாரப் போயி கேக்குறது? தனியாப் போவாதீங்க. கதவ மூட விடாதீங்க."

மற்றவர்கள் குனிந்து சாப்பிடுவார்கள். பெரிய உருளை மெஷினில் விரிப்புகளை விடும் நஸீஹா மட்டும் லேசாகத் தலையாட்டுவாள். எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அக்கா வீட்டிலும்தான். கணவர் படுத்த படுக்கை. இவர் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

போன வாரம் அந்த உருளை மெஷினின் காப்புத் தகடு கழன்று விழுந்தது. பரவாயில்லை, ஓட்டு என்றார் முதலாளி. "தகடு இல்லாம நஸீஹாவக் கைய விடச் சொல்றீங்க, அப்படித்தானே பாஸ்?" என்று சந்துக்கே கேட்கும்படி கேட்டுவிட்டு, அக்கா மெஷினை நிறுத்தினார். தகடு மாட்டும்வரை ஒருவரும் அதைத் தொடவில்லை. அன்று துணி தாமதமாகி எனக்கு ஹோட்டலில் நல்ல வசவு. அக்காமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நேற்றுக் காலை "ருக்குமணி" என்று அறையிலிருந்து குரல் வந்தது. மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக இருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. அக்கா வழக்கம்போல் சிலிப்பரைச் செருகிவிட்டு உள்ளே போனார். முதலாளி எழுந்து வந்தார். ஷூக் காலால் அதை எட்டி உதைத்தார். சிலிப்பர் ஈரத்தரையில் வழுக்கிப் போய்த் துணி வண்டிக்கு அடியில் நின்றது. கதவு சாத்திக்கொண்டது.

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, யாரும் வேலை செய்யவில்லை. அந்த இரைச்சலில் உள்ளே நடப்பது ஒன்றும் காதில் விழவில்லை. மீனாட்சி உள்ளே போனபோதும் இப்படித்தான் இருந்திருக்கும். கதவையே பார்த்துக்கொண்டிருந்த நஸீஹா கையை நீட்டி உருளை மெஷினின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அடுத்தவளும் தன் மெஷினை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கின. வேலை நேரத்தில் அந்தக் கூடம் அப்படி ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை.

கதவின் பிடி திரும்பியது. அக்கா கதவைத் திறந்தார். ஆனால் வெளியே வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வாசலிலேயே நின்றார்.

"எனக்கு வேல வேணாம்னு நானே எழுதிக் குடுக்கணும்னு சொல்றீங்க, அப்படித்தானே பாஸ்?"

முதலாளியின் கை கதவைத் தள்ளுவது தெரிந்தது. அக்கா வலது காலைச் சிலிப்பர் இருந்த இடத்தில் ஊன்றினார். கதவு வந்து அந்த வெறுங்காலில் இடித்தது. அவர் காலை எடுக்கவில்லை.