கும்பத்தடியில் ஒரு பிரதமர்

கரீபியன் தீவொன்றின் பிரதமராக இருந்த ஒரு பெண்மணி, எனக்குப் பத்து வயதானபோது லண்டன் டூட்டிங்கில் இருந்த எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தார், பள்ளி நூலகப் புத்தகமாக. கறுப்பின வரலாற்று மாதத்துக்கு ஆளுக்கொரு தலைவரைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் பேச வேண்டும். எனக்கு அவர் வாய்த்தார். ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வகுப்பில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. பேச்சை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பார்த்து வாசித்துவிட்டு இறங்கிவிடலாம்.

பேச்சுக்கு முதல் நாள் மாலை பள்ளிவிட்டு வந்தால் மேசை வெறுமையாகக் கிடந்தது. சரஸ்வதி பூசைக்கு வைத்த கும்பத்தடியில் வீட்டுப் புத்தகங்களையெல்லாம் அம்மா அடுக்கியிருந்தார். உச்சியில் பிரதமர், நெற்றியில் குங்குமத்தோடு. விஜயதசமிக்கு இன்னும் இரண்டு நாள். அதுவரை தொடக்கூடாது.

"அம்மா, என்ரை பேச்சு உதுக்குள்ளை!"

"வைச்சதை எடுக்கேலாது, பிள்ளை. படிப்புப் போயிடும்."

எங்களோடு இருந்த மாமாவுக்குச் சிரிப்பு. "அந்த மனுசி லண்டனிலை சட்டம் படிச்சவவாம். சரஸ்வதியோடை இங்கிலீசிலை கதைச்சுக்கொண்டிருக்கட்டும், விடு."

நான் அழுது முடியும்வரை அம்மா வெங்காயம் வெட்டினார். பிறகு, "எனக்குச் சொன்ன கதைதானே? அதைப் போய்ச் சொல்லு" என்றார்.

உண்மைதான். மாலையில் துப்புரவு வேலைக்குப் போகுமுன் அம்மா சமைக்க, நான் பக்கம் பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்லியிருந்தேன். போர்க்கால இடம்பெயர்வில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அம்மா. விடாமல் கேட்பார். கடல் தாண்டித் தனியவோ வந்தவ? அவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னாலை எப்பிடி வாதாடினவ? கலியாணம் கட்டாததுக்குச் சனம் ஒண்டும் சொல்லேல்லையோ?

மறுநாள் வெறுங்கையோடு மேடையேறினேன். எழுதிய ஒரு வரியும் நினைவில் இல்லை. அம்மாவின் கேள்விகள்தான் வந்தன. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் கேட்டு நானே பதில் சொன்னேன். "தேர்தலில் தோற்ற அன்று அவருக்கு யார் சோறு போட்டது என்று அம்மா கேட்டார். அது புத்தகத்தில் இல்லை" என்றதும் மண்டபமே சிரித்தது. அதில் கேலி இருக்கவில்லை. அன்றைக்குப் பிறகு வகுப்பில் கை உயர்த்த நான் தயங்கியதில்லை.

விஜயதசமி காலையில் அம்மா புத்தகத்தை எடுத்து, குங்குமத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்தார். அது பிரதமரின் கன்னம்வரை பரவியது. நூலகத்தில் என்ன சொல்வது என்று நான் பதறிக்கொண்டிருக்க, அவர் கேட்டார்: "இவ லண்டனுக்குப் படிக்க வரேக்கை எத்தினை வயசு?"

"இருபதுக்கு மேலை, அம்மா."

"ஓ... சின்னப்பிள்ளை இல்லை" என்றவர், நெடுநேரம் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் சட்டத்தில். சொல்லிக்கொள்ளப் பெருமைதான். அந்த மேடையில் என்னைப் பேசவைத்த கேள்விகளுக்கு அம்மாவிடம் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். கடைசியாக அந்த வயதை ஏன் கேட்டார் என்றுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது அம்மாவுக்கு இருபத்தொன்பது வயது.