கல்லாற்றில் ஒரு முத்தம், உதட்டில் நாலு கொப்புளம்

நிச்சயம் முடிந்த அந்த ஐந்து வாரமும் என் கால் தரையில் பாவவே இல்லை. மலையாளிகள் ஊரில் தமிழர் கடைகள் நிறைந்த ஆரியசாலையில் அப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்கு மேல்தான் எங்கள் வீடு. கீழே வத்தல் மூட்டையைப் பிரித்தால் நெடி மாடிவரைக்கும் ஏறி எல்லாரும் தும்மித் தள்ளுவார்கள். நான் மட்டும் தும்மிக்கொண்டே சிரிப்பேன். மாப்பிள்ளை தென்காசிக்காரர். தம்பானூரில் கட்டடங்களுக்குப் பிளான் வரையும் ஆபீஸில் வேலை. பேச்சு ரொம்பக் குறைவு. அதனால் என்ன, இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேனே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மதினியும் எங்கள் இருவரையும் கல்லாற்றுக்குக் கூட்டிப்போனார்கள். காவலுக்குத்தான் வந்தார்கள். ஆனால் என் மதினி தங்கமானவள். "ஏங்க, வாங்க, ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம்" என்று அண்ணனை இழுத்துக்கொண்டு போனவள் அரைமணி நேரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி. பாறைக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர்தான். முத்தம் கொடுத்தது அவர் இல்லை, நான். மனிதர் ஒரு நொடி திகைத்து நின்றுவிட்டு, பிறகு நன்றாகவே தேறிவிட்டார். வண்டியில் திரும்பி வரும்போது என் நெஞ்சு அடித்த அடி மதினிக்குக் கேட்டிருக்கும்.

அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் என் ஆபீஸ் விட்டு வரும் வழியில் தம்பானூரில் காப்பி குடிக்கச் சந்தித்தோம். ஆளைப் பார்த்ததும் பகீரென்றது. கீழுதடு வீங்கி, ஓரத்தில் நாலு கொப்புளம். முகத்தில் காய்ச்சல் களை. கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

"என்ன இது?"

"சூடுதான். ரெண்டு நாள் மோர் குடிச்சா சரியாப் போயிரும்."

சூடாம் சூடு! எங்கள் ஊரில் தலைவலி, வயிற்று வலி, கண் சிவப்பு, கோபம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான். எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அப்போது ஊரெல்லாம் அவை புதிதாக முளைத்திருந்தன. பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, உதட்டில் கொப்புளம் என்று இங்கிலீஷில் அடித்தேன். ஹெர்பிஸ் என்று வந்தது. அதைத் தட்டினால், அம்மாடி, திரை முழுக்கப் படம்! உதடு மட்டும் இல்லை, எங்கெங்கேயோ. துப்பட்டாவால் திரையை மூடிக்கொண்டு, இடுக்கு வழியாகப் படித்தேன். பாலியல் நோய் என்று போட்டிருந்தது. முத்தத்திலும் ஒட்டும் என்று போட்டிருந்தது. ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் உடம்பை விட்டுப் போகாது என்றும் போட்டிருந்தது. உதட்டில் வருவதும் மற்ற இடத்தில் வருவதும் பெரும்பாலும் வேறு வேறு வகை என்று அதே பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதை யார் படித்தார்கள்?

நேரே எதிரில் இருந்த பூத்துக்குப் போய் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போன் போட்டேன். ஹலோகூடச் சொல்லவில்லை.

"எத்தனை பேரு?"

"என்ன எத்தனை பேரு?"

"எனக்கு முன்னால எத்தனை பேரு? அதுல எவ குடுத்த சீக்கு இது? இப்ப எனக்கும் ஒட்டியாச்சு இல்லியா? மரியாதையாச் சொல்லுங்க, இல்லேன்னா அப்பாகிட்டச் சொல்லிக் கல்யாணத்த நிறுத்திருவேன்."

ஒருத்தரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அவரோ, "நீ ஒரு டாக்டரப் போய்ப் பாரு. பாத்துட்டு என்ன வேணாலும் முடிவு பண்ணு. கல்யாணம் வேண்டாம்னாலும் சரி," என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்பு செய்தவன்தானே கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவான்?

வீட்டிலோ கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கிவிட்டது. புதன்கிழமை நல்ல நாள், அன்றைக்குத்தான் கொடுக்கத் தொடங்குவதாக ஏற்பாடு. நிறுத்துவதானால் அதற்குள் நிறுத்த வேண்டும். நான் மணிக்கொரு தடவை கண்ணாடி முன்னால் நின்று உதட்டை மடக்கி மடக்கிப் பார்த்தேன். "ஏட்டி, கண்ணாடியத் தேச்சிருவ போலுக்கே!" என்று என்னிடம் சொன்ன அம்மா, "கல்யாணக் களை வந்தாச்சு, கேட்டோ," என்று மதினியிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு மானக்கேடு என்னவென்றால், இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆள்மேல் ஆசை ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. கல்லாற்றை நினைத்தால் பயத்தோடு ஒரு குறுகுறுப்பும் சேர்ந்தே வந்தது.

திங்கட்கிழமை, முடி கொட்டுகிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். மலையாளி, அம்மா வயது இருக்கும். கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கல்லாறு, முத்தம், கொப்புளம், காய்ச்சல், நெறி, பிரௌசிங் சென்டர், எதையும் விடவில்லை. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"மோளே, உனக்கு இதுக்கு முந்தி உதட்டுல இப்படி வந்திட்டுண்டோ?"

"ஐயோ, இல்லவே இல்ல டாக்டர்! வருஷா வருஷம் பரீட்சை சமயத்துல சூட்டுப் புண்ணு வரும், அவ்வளவுதான். அம்மா வெண்ணெய் தடவுவாங்க."

"எங்கே வரும்?"

நான் விரலை உதட்டோரத்தில் வைத்தேன். வைத்த விரலை எடுக்க முடியவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அது சூடு இல்ல மோளே. அதுவும் இதுதான். சின்னப் பிள்ளையா இருக்கும்போ யாரோ கொஞ்சி முத்தம் தந்ததுல கிட்டியிருக்கும். ஊர்ல பாதிப் பேருக்கும் உள்ளதாணு. அவருக்குக் காய்ச்சலும் நெறியும் வந்ததப் பாத்தா, அவருக்கு இது முதல் தடவைன்னு தோணுது. அப்போ யாரு யாருக்குக் கொடுத்தது?"

"புண்ணே இல்லாதப்பவும் ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டும். பேடிக்க வேண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல. இதுக்காகக் கல்யாணத்த நிறுத்தினா ஊர்ல ஒரு கல்யாணம் நடக்காது. புண்ணு வரும்போ மட்டும் முத்தம் வேண்டா, அவ்வளவே உள்ளூ."

ஆட்டோவில் தம்பானூர் போகும்வரை எனக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது. எனக்குச் சீக்கு இல்லை என்ற சந்தோஷமில்லை அது. சீக்கு என்னுடையதுதானே! ஆள் நல்லவர், கல்யாணம் நடக்கும் என்ற சந்தோஷம். அடுத்த நிமிஷமே, பூத்தில் நான் கத்தியது நினைவுக்கு வந்தது. இனிமேல் அவர் அல்லவா என்னை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆபீஸ் வாசலுக்கு அவரைக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். "நான்தான் உங்களுக்குக் குடுத்திருக்கேன். நீங்க இல்ல. நான்."

"தெரியும்," என்றார்.

"தெரியுமா? எப்படி?"

"சனிக்கிழமை காலைலயே டாக்டரப் பாத்துட்டேன். புதுசா இப்பத்தான் யார்ட்ட இருந்தோ ஒட்டியிருக்குன்னாரு. எனக்கு நீ ஒருத்திதானே."

"பாவி மனுஷா! அன்னைக்குச் சாயங்காலம் போன்ல அந்தக் கிழி கிழிச்சேனே, அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் புண் வலிக்காமல் மெல்ல உதட்டை அசைத்துச் சொன்னார். "சொன்னா, நீ கேட்ட அதே கேள்விய நான் உன்னக் கேட்ட மாதிரி ஆயிருமே."

வாயாடி என்று ஆரியசாலை முழுக்கப் பேர் வாங்கிய நான், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் கூட்டம் அத்தனையும் பார்க்க, அந்த வெயிலில் நின்று அழுதேன்.