மூடி விலகியிருந்த கோப்பை

மூக்கு சார் குடிக்க மாட்டார். விஸ்கி இறக்குமதிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகச் சுவை பார்த்து மதிப்பெண் போடுகிறவர் ஒரு சொட்டுக்கூட விழுங்கியதில்லை. எல்லாம் பக்கத்து வாளிக்குப் போய்விடும். "விழுங்கறவனுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்பார். கம்பெனியில் அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. மூக்கே போதுமானதாக இருந்தது.

அந்த மூக்கு போன வருடக் காய்ச்சலோடு போய்விட்டது. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது, வாசனை திரும்பவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இருவர்: மனைவி, மனைவியின் தம்பி. சோதனை அறையில் அவருக்கு ஊற்றி வைப்பவன் அந்த மச்சினன்தான். வேலை வாங்கிக் கொடுத்தவர் இவர்.

"கவலப்படாதீங்க மாமா. நான் மோந்து பாத்துதானே வைக்கிறேன். புகை மால்ட்டா இருந்தா மூடியக் கொஞ்சம் நகத்தி வைக்கிறேன். மத்தத நீங்க பேசியே சமாளிச்சிருவீங்க."

சமாளித்தார். நிறம் தெரியாதிருக்க நீலக் கண்ணாடிக் கோப்பைகள், வாசம் ஓடாதிருக்க மேலே மூடிகள். மூடி விலகியிருந்தால் தீவுச் சரக்கு, சதுப்புக் கரியின் புகையில் பார்லியை வாட்டி வடித்தது. நாலு சொட்டுத் தண்ணீர் விடுவார், கண்ணை மூடுவார், எழுதுவார். மூக்கிருந்த காலத்தைவிட அந்த ஒரு வருடத்தில்தான் அவருடைய குறிப்புகள் பிரமாதம் என்பது பொது அபிப்பிராயம்.

ஒருநாள் முதலாளியே வந்து எதிரில் உட்கார்ந்தார். ஐந்து கோப்பைகள். மூன்றாவதன் மூடி விலகியிருந்தது.

மூக்கு சார் எழுதியதை உரக்க வாசித்தார்: "மழையில் நனைந்த அடுப்புக்கரி. படகுக் கயிறு. காயத்துக்குப் போடும் அயோடின். கடைசியில் உப்பு. புகை நெடுநேரம் நிற்கிறது. தொண்ணூற்றொன்று."

முதலாளி அந்தக் கோப்பையை முகர்ந்தார். "இதுல புகையே கிடையாது சார். உங்களுக்கு வாசனையே தெரியறதில்லன்னு உங்க மச்சினன் முந்தாநேத்தே வந்து சொன்னான். நான்தான் நம்பாம, இன்னைக்கு மூடிய மாத்தி நகத்தி வைக்கச் சொன்னேன்."

மூக்கு சார் திரும்பிப் பார்த்தார். மச்சினன் வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாளி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வேலை போகவில்லை, போயிருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். முதலாளி நியாயஸ்தர். இனி மச்சினன் முகர்ந்து மதிப்பெண் போடுவான். அவனுக்கு எழுத வராது என்பதால் குறிப்பு மட்டும் இவர் எழுத வேண்டும்.

வீட்டில் சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எத்தன நாளைக்குங்க மறைக்க முடியும்? யாரோ ஒருத்தன் வந்து உக்கார்றதுக்கு நம்ம ஆளே உக்காரட்டும்னு நான்தான் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களா?" என்றவள் அவருடைய சட்டையை எடுத்து, சுருக்கம் விழாமல் நீவி மடித்தாள்.

மறுநாள் மச்சினன் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கோப்பையை முகர்ந்தான்.

"புகை, மாமா."

"என்ன புகை?"

"புகைன்னா புகைதான். மிச்சத்த நீங்க போட்டுக்குங்களேன், உங்களுக்குத்தான் அருவி மாதிரி கொட்டுமே."

மூக்கு சார் 'புகை' என்று எழுதிப் பேனாவை மூடினார்.

"என்ன மாமா, ஒத்த வார்த்தையோட நிறுத்திட்டீங்க? முதலாளி கேப்பாரே."

"நீ மோந்தது அவ்வளவுதானே மாப்ள" என்றார். அடுத்த கோப்பையை அவன் பக்கம் தள்ளினார்.