ஒரே புத்தகம், மூன்று அட்டை

ஒரு அட்டையில் இரண்டாகப் பிளந்த தலை. இன்னொன்றில் இமையில்லாத ஒற்றைக் கண். மூன்றாவதில் படமே கிடையாது. மங்கிய ஆரஞ்சு நிறத்தின் மேல் வெறும் எழுத்து. உள்ளே மூன்றும் ஒரே புத்தகம்தான், மனித பயங்களைப் பற்றியது. எழுபதுகளின் நடுவில், கல்லூரியை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு சொந்த ஊரான கம்பத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, உலகத்திலேயே பெரிய சொத்து அந்த மூன்றும்தான். குமுளிக்கு மேலே எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போதெல்லாம் பழைய தாளோடு தாளாக ஆங்கிலப் புத்தகங்கள் மூட்டையாக மலையிறங்கும். பேப்பர் கடையில் அவற்றைக் கிழித்துப் பொட்டலம் மடிப்பதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நாவல்களைத் தொடமாட்டேன். உளவியல் மட்டும், அதிலும் பழைய பதிப்புகள் மட்டும். ஒருநாள் தவறினாலும் எந்த அட்டை கடலைப் பொட்டலமாகிப் போனதோ என்று சோறு இறங்காது.

கடைக்கார அண்ணாச்சிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "இந்தத் தல ஒடஞ்ச புத்தகமெல்லாம் என்ன சமாச்சாரம் தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். மனநோயைப் பற்றியது என்றேன். "அது யாருக்கு?" என்றார். எனக்கு இருபத்திரண்டு வயது. அரைகுறையாகப் படித்தவனின் வாய் சும்மா இருக்குமா? "எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு அண்ணாச்சி. எங்க வீட்டுலயும்தான் இருக்கு" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மாதிரி அட்டைகளைக் கிழிக்காமல் தனியே எடுத்து வைத்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். என் ரசனைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் அக்காவுக்குப் பக்கத்து ஊரான கூடலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அப்பா இல்லாத வீடு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவர்கள் வந்துபோன சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அவள் பாடியதை அம்மாவும் நானும் கேட்டோம். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று உடனே பூ வைத்துவிட மாட்டார்கள். ஆள் விட்டு விசாரிப்பார்கள். சொந்தக்காரர்களிடம் அல்ல, டீக்கடை, தையல் கடை, மளிகைக் கடை என்று நாங்கள் புழங்குகிற இடங்களில். எங்களுக்காகப் பொய் சொல்லக் கடைக்காரர்களுக்கு அவசியமில்லை அல்லவா.

பத்து நாளாகியும் கூடலூரிலிருந்து சேதி இல்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அம்மா எழுந்து நின்றாள். அக்கா பாடுவதை நிறுத்தியிருந்தாள். பதற்றத்தைப் பற்றி ஆறு புத்தகம் வைத்திருந்தேன். ஒன்றையும் திறக்கத் தோன்றவில்லை. கடைசியில் அண்ணாச்சிதான் சொன்னார், முகமெல்லாம் மலர்ச்சியாக: "கூடலூர்லருந்து ரெண்டு பேர் வந்தாக தம்பி. தங்கமான குடும்பம்னேன். வீட்டுல யாருக்கோ சித்தம் சரியில்ல, பாவம், தம்பிதான் புத்தகம் வாங்கி வாங்கி வைத்தியம் பாக்காருன்னேன். ஒங்க மேல அம்புட்டு மதிப்பு வந்திருக்கும்!"

கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை அண்ணாச்சியையும் ஒரு பை நிறையப் புத்தகங்களையும் இழுத்துக்கொண்டு கூடலூர் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நாந்தான் ஆத்தா தப்பா வெளங்கிக்கிட்டேன். அந்த வீட்டுல எல்லாரும் தெளிவான ஆளுக. தம்பி இத ஆசைக்குச் சேக்குறாரு." நான் புத்தகங்களைப் பாயில் பரப்பினேன். அந்த அம்மாள் மூன்று அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது வேற வேறயா?"

"அட்டை வேற. அச்சடிச்ச வருசம் வேற."

"உள்ள?"

"உள்ள ஒண்ணுதான்."

"அப்ப எதுக்கு மூணு?"

நான் பதிப்பு, தாள், அச்செழுத்து என்று வேகவேகமாக அடுக்கினேன். அடுக்க அடுக்க அவர் முகம் இறுகியது. "அண்ணாச்சி, நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி போலருக்கு" என்றார். உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்காவின் வாழ்க்கையை என் வாயாலேயே இரண்டாம் முறை கெடுக்கிறேன் என்று தெரிந்தும் பேச்சை நிறுத்த முடியவில்லை. அவரே கையமர்த்தினார். "போதும் தம்பி. ஒங்களுக்குக் கிறுக்கு இருந்துட்டுப் போகட்டும். பொண்ணுக்கு இல்லல்ல? சத்தியமாச் சொல்லுங்க." சொன்னேன். "சரி. நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருப்போம்."

கல்யாணம் நடந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறந்தே போனேன்.

எட்டு வருடம் கழித்து அம்மா இறந்தாள். அப்போது எனக்கு மதுரையில் வேலை. காரியமெல்லாம் முடிந்து அக்காவைக் கூடலூரில் கொண்டுபோய் விட்டேன். அடுப்படியில் நின்றபடி அம்மாவின் பேச்சை எடுத்தாள். கண் நிறைந்தது. அந்த நேரம் கூடத்தில் காலடிச் சத்தம். சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்து, சிரித்த முகமாகத் திரும்பினாள். "வாங்க அத்தே, காப்பி போடவா?" மாமியார் வேண்டாம் என்றார். போகிற போக்கில் அவள் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார்.

"நல்ல மனுசிதான்டா" என்றாள் அக்கா மெதுவாக. "ஒரு கொறையும் வைக்கல. ஆனா நான் கோவப்பட்டா, செத்த நேரம் சும்மா உக்காந்திருந்தா, அந்தப் பார்வை ஒண்ணு பாப்பாக. அம்மாவுக்குக்கூட இங்கன இருந்து அழ முடியல." பிறகு, "சுருளி அருவிக்குக் கூட்டிட்டுப் போறியா? அங்கன தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்காது."

அம்மாவுக்காக முழுகிவிட்டு வருகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அக்கா அருவிக்குள் போனாள். நான் அவளுடைய மாற்றுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரமாகியும் அவள் வெளியே வரவில்லை. கூப்பிட வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.