கோலத்துக்குத் தேய்த்த தெரு

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு ஒரே சரிவு. மேலே எங்கள் வீடு, கீழே லாரிகள் ஓயாத மெயின் ரோடு. போன கோடையில் கான்கிரீட் போட்டார்கள். கலவை இறுகும் முன் ஒருவர் நீளமான பிரஷ்ஷைக் குறுக்கே இழுத்துக் கோடு கோடாகக் கீறிக்கொண்டு வந்தார். மழையில் டயருக்குப் பிடிப்பு வேண்டுமாம்.

எதிர்வீட்டு அக்கா வந்து மறித்தார். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ரசத்தோடு வந்து நிற்கிறவர்.

"இன்னாப்பா, வாசல்ல இப்டி கீறி வெச்சா கோலம் எப்டி போடறது? ஊட்டுத் தரை கணக்கா மழமழன்னு தேச்சு உடு."

வண்டி வழுக்கும் என்று பிரஷ் இழுத்தவர் சொல்லிப் பார்த்தார். மற்ற பெண்களும் சேர்ந்துகொள்ள, எனக்கென்ன என்று அவரும் தேய்க்கிற கரணையை எடுத்தார். தெரு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆயிற்று. மார்கழிக்குப் பெரிதாகப் போடலாம் என்று என் மனைவிக்கும் மகிழ்ச்சிதான்.

அக்கா வாசல் தெளிக்கிறவர் இல்லை, வாளி வாளியாகக் கழுவுகிறவர். தண்ணீர் சரிவில் இறங்கி மெயின் ரோடு வரை போகும். அந்த நேரத்தில்தான் மனைவி முகப்பேரில் வேலைக்கு ஸ்கூட்டரில் கிளம்புவாள். முதலில் ஒரு நாய் வழுக்கியது, சிரித்தேன். அடுத்து பால்காரர் பாக்கெட்டுகளோடு விழுந்தார். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் சரிவில் இறங்கும்போது மனைவி பிரேக் பிடித்தாள். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. மெயின் ரோட்டு விளிம்பில் சாய்ந்து கிடந்தாள். கடந்துபோன லாரி ஸ்கூட்டரின் கண்ணாடியை மட்டும் நொறுக்கியது.

முதலில் ஓடிவந்து தூக்கியவர் அக்காதான். அழுதுகொண்டே மஞ்சள் பற்றுப் போட்டார். அவள் கிளம்பும் வரையாவது தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"வாசல் காஞ்சு கெடந்தா ஊட்டுக்கு ஆகாது தம்பி. உங்க ஊட்டுக்கும் சேத்துதான் ஊத்தறேன்."

தெருவைக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிடலாம் என்றதற்கு, கோலம் போய்விடும் என்று எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. அக்காவுக்குக் கெட்ட மனசு என்றால் சண்டை போட்டிருப்பேன்.

இன்று காலையும் எதிரில் வாளி நிரம்பும் சத்தம். மனைவி சாவியைத் தேடினாள். அது என் சட்டைப் பையில் இருந்தது.

"குடுங்க. மெதுவாத்தான் போவேன்."

கொடுத்தேன். அவள் வண்டியைத் திருப்புவதற்குள் தண்ணீர் அவளுக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டது.